முதுகைக் காட்டி உட்கார்ந்த வேலை

போன மாதம் நம் இல்லத்துக்குப் புதிதாக ஒரு சரிவுப் பலகை வந்திருக்கிறது. அலுமினியத்தில் செய்தது. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அதன் உச்சியில் பந்தை வைத்து லேசாகத் தள்ளினால் போதும், அது உருண்டு போய் எதிரே நிற்கும் கட்டைகளைச் சாய்த்துவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். "பாய், உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று ஒருத்தர் கேட்டார். இருந்தது என்றேன். சிரித்தார்கள். "அப்போ எழுதிக் குடுங்க, இல்லத்து மலர்ல போடறோம்" என்றார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் அது என்னுடையது, பொறுத்துக்கொள்ளுங்கள். நன்றாக வந்தால் அது அல்லாஹ்வின் கருணை.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். எங்கள் வாப்பா பழவேற்காடு கடைத்தெருவில் கருவாட்டு வியாபாரம் செய்தார். பிள்ளைகளில் நான்தான் தராசுக்கு லாயக்கில்லாதவன். "இவன் எடை போட்டா நம்ம குடும்பத்தையே சேத்துப் போட்டுடுவான்" என்பார். பள்ளிவாசல் இமாம் சொல்லி இந்த இல்லத்தில் அட்டெண்டராகச் சேர்த்துவிட்டார். அப்போது இல்லம் பொன்னேரி போகிற சாலையில், முன்பு மீனுக்கு ஐஸ் போட்டு வைத்த ஒரு பழைய கிடங்கில் இருந்தது. போலியோ வந்த பிள்ளைகளும், மரத்திலிருந்தோ படகிலிருந்தோ விழுந்து முதுகெலும்பு போன பெரியவர்களும் அங்கே இருந்தார்கள். படுத்தவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, குதிகாலிலும் இடுப்புக்குக் கீழேயும் தோல் சிவந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பது, சிறுநீர்க் குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்வது, இவற்றையெல்லாம் கற்றுக்கொள்ளவே முதல் சில வருஷங்கள் போய்விட்டன. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கற்றுக் கொடுத்தவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் மேட்ரன் ஸ்டெல்லா அம்மா. வெள்ளைச் சேலையும் கேன்வாஸ் ஷூவும் போட்டிருப்பார். வருவதே தெரியாது. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. சாதாரணமாக "காதர், இங்க வா" என்பார். "காதர், இங்க வாங்க" என்று மரியாதை கூடிவிட்டால் அன்றைக்கு நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் அப்படித்தான் "வாங்க" என்றார். போனேன். ஒரு சக்கர நாற்காலியில் உட்காரச் சொன்னார். இரண்டு கையையும் கைப்பிடியோடு பேண்டேஜ் துணியால் கட்டினார். மற்ற அட்டெண்டர்களிடம், "இவர்கிட்ட எதுவும் பேசாம உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒருத்தர் வந்து என்னை நகர்த்திவிட்டுப் பெருக்கினார். ஒருத்தர் என் முகத்தை ஈரத்துணியால் துடைத்தார். மூக்கு அரித்தது, யாரிடம் சொல்வது? அப்புறம் யாரோ என்னைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கட்டை அவிழ்க்கும்போது என் கண்ணில் தண்ணீர். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "இனிமே கேக்காம யார் நாற்காலியையாவது தொடுவியா?"

"தொட மாட்டேம்மா."

"நாற்காலியும் அவங்க உடம்புதான். போ, சாப்பிடு."

எண்பதுகளின் நடுவில் எங்களுக்குப் பேட்டரி நாற்காலிகள் வந்தன. வெளிநாட்டில் யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் உபயோகித்துவிட்டு அனுப்பியவை. வந்தது இரண்டு. கைப்பிடியில் ஒரு சின்னக் கம்பு இருக்கும், அதை முன்னால் தள்ளினால் வண்டி முன்னால் போகும். பொன்னேரி வரைக்கும் செய்தி போய், ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவற்றைக் காப்பாற்றிய பாடு எங்களுக்குத்தான் தெரியும். உப்புக்காற்றில் பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்துவிடும். சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, வாசலின் தடவ வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் குறையாமல் பார்க்க வேண்டும். சக்கரத்தில் மணல் ஏறினால் குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும். நான் விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் செய்கிற முதல் வேலை அதுதான். பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற மாதிரி அதையும் ஒரு சந்தோஷமாகத்தான் செய்தேன்.

அந்த இரண்டில் ஒன்று ஏழுமலைக்குக் கிடைத்தது.

ஏழுமலை கோட்டைக்குப்பத்துக்காரர். முப்பதைத் தாண்டிய வயசு. பழவேற்காடு ஏரியில் அவர் படகில் அணியத்தில், அதாவது முன் மூக்கில், நிற்கிறவர் அவர்தான். மீன் ஓட்டத்தையும் அடித்தரையையும் பார்த்து அவர் கை காட்டுவார், வாயால் சொல்வார். பின்னால் கோல் ஊன்றுகிறவர் அவர் மச்சான் தணிகாசலம். அதாவது பெண்டாட்டியின் அண்ணன். முகத்துவாரத்துக்குக் கிட்டே வலை எதிலோ மாட்டிக்கொண்டது என்று ஏழுமலை ஒருநாள் தலைகீழாகக் குதித்தார். முந்தின வாரம் ஆழமாக இருந்த இடம் அன்று மணல் மேடாகிவிட்டிருந்தது. கழுத்து போய்விட்டது. தோளும் மணிக்கட்டும் கொஞ்சம் அசையும். விரல் ஒன்றும் மடங்காது. மார்புக்குக் கீழே உணர்ச்சியே கிடையாது.

மணிக்கட்டால் கம்பைத் தள்ள முடியும் என்றுதான் பேட்டரி நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்கள். முதல்நாள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். அவர் கம்பைத் தள்ளினார், வண்டி நகர்ந்தது. நேராகச் சுவர் வரைக்கும் போய், சுவரைப் பார்த்தபடி நிறுத்திக்கொண்டார். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை திரும்பவில்லை.

அவர் சம்சாரம் கோவிந்தம்மா வாரா வாரம் பஸ் ஏறி வருவார். வந்ததும் முதல் பேச்சு, "வூட்டுக்கு வாய்யா" என்பதுதான். அவர் வண்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் நான் அவருக்கு ஷேவிங் செய்துகொண்டிருந்தபோது தாமாகவே பேசினார்.

"அங்க போனா இன்னா ஆவும் தெரியுமா பாய்? ஊரே ஓடியாந்து தூக்கும். ஒருத்தன் கால புடிப்பான், ஒருத்தன் தோள புடிப்பான். எங்க வெக்கறதுன்னு அவனுங்களே பேசிக்குவானுங்க. ஈர வலைய மூட்ட கட்டித் தூக்கறாப்ல. நான் இங்கியே கெடக்கறேன்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரையில் படகு ஏற்றும்போது யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். யார் படகு, சண்டைக்காரன் படகா என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஓடிவந்து கை போட்டுவிடுவார்கள். கூப்பிடக் காத்திருப்பதுதான் அவர்களுக்கு அவமானம். ரொம்ப நல்ல வழக்கம். அந்த நல்ல வழக்கத்துக்குத்தான் ஏழுமலை பயந்தார்.

மேட்ரன் அம்மாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லம் வேற, வீடு வேற காதர். வா வான்னு கூப்பிடற பொண்டாட்டி இருக்கா, அவர் போகத்தான் வேணும். ஆனா அதை அவரா சொல்லணும். நாம தள்ளி அனுப்பக் கூடாது" என்றார்.

பந்து விளையாட்டு இதற்காக வந்ததில்லை. ஏழுமலை தோள் பயிற்சி செய்ய மாட்டேன் என்று அடம் பிடித்தார். ஏதாவது விளையாட்டாகக் கொடுத்தால் செய்வார்கள் என்று அம்மா எங்கோ படத்தில் பார்த்ததை வைத்து யோசனை சொன்னார். பொன்னேரியில் கட்டில் கால் கடைகிறவர் ஒரு மரப்பந்து கடைந்து கொடுத்தார். தச்சர் ஒருத்தர் வாய்க்கால் மாதிரி ஒரு சரிவுப் பலகை செய்தார். தலைப்பக்கம் நாற்காலியில் இருப்பவர் மடிக்கு மேலே நிற்கும், வால்பக்கம் தரையைத் தொடும். சாய்ப்பதற்குக் கட்டைதான் இல்லை. கோவிந்தம்மா அதைக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் ஒரு பை நிறைய வலைக்குக் கட்டுகிற மிதப்புக் கட்டைகளைக் கொண்டுவந்தார். அடியைச் சீவி நிற்க வைத்தோம்.

ஏழுமலை சுவரிலிருந்து திரும்பிப் பார்த்தார். "யார் வலைக் கட்ட இது?"

"நம்முளுதுதான்."

"என் வலைய அறுத்தியா?"

"எலி அறுத்துடுச்சி. நீ வந்து பாத்துக்கலன்னா எலி பாத்துக்கும்" என்றார் கோவிந்தம்மா.

அதற்கு அவர் திட்டிய திட்டை மலரில் எழுத முடியாது. ஆனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிட்டே வந்துவிட்டார்.

விளையாடுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நாற்காலியைக் கோட்டுக்குப் பின்னால் ஆடுகிறவரே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வண்டியை ஓட்டும் கம்பிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பந்தைத் தள்ளும்போது வண்டியும் சேர்ந்து பாயும். பலகையின் தலையை நான் அவர் மார்புக்கு நேரே வைப்பேன். பிறகு வால்பக்கம் போய், தரையில் ஓரமாக உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்வேன். அவர் வலம், இடம் என்று சொல்லச் சொல்ல நகர்த்துவேன். "போதும்" என்றால் நிறுத்துவேன். அப்புறம் எழுந்து வந்து பந்தை உச்சியில் வைத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் மணிக்கட்டின் பின்பக்கத்தால் தள்ளுவார்.

இதில் மேட்ரன் அம்மா ஒரு சட்டம் போட்டார். வாலைப் பிடிக்கிறவர் கட்டைகளுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கவே கூடாது.

"ஏம்மா? பாத்தா இன்னும் நல்லா வைக்கலாமே?"

"அதுக்குத்தான். நீ பார்த்தா உன் கை சும்மா இருக்காது. நீயே குறி வச்சிடுவே. அப்புறம் விளையாடறது நீ, தள்ளிவிடறது மட்டும் அவர்."

இப்படி ஒரு வேலையை நான் கேள்விப்பட்டதே இல்லை. எல்லோரும் கட்டை விழுவதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். நான் மட்டும் ஆடுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விழுந்ததா இல்லையா என்பதை அந்த முகத்தில்தான் தெரிந்துகொள்வேன். பிற்பாடு யோசித்தால், அதுவே எனக்குக் கிடைத்த பரிசு என்று தோன்றுகிறது. அத்தனை மனித முகங்களை அவ்வளவு கிட்டத்தில் வேறு யாருக்குப் பார்க்கக் கிடைக்கும்?

கிடங்குத் தரையில் ஒரு விஷயம் இருந்தது. ஐஸ் உருகின தண்ணீர் வடிவதற்காகத் தெற்குப் பக்கச் சாக்கடையை நோக்கி லேசாகச் சரித்துப் போட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாது. பந்துக்குத் தெரியும். நேராக விட்டால் போகப் போக வளைந்து சாக்கடையில் போய் விழும். போலியோ பிள்ளைகள் அலுத்துக்கொண்டார்கள். ஏழுமலை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், "இதுக்கும் நீவாடு இருக்குது பாய்" என்றார். தண்ணீர் இழுக்கிற இழுப்பைக் குப்பத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதன் பிறகு அவர் வேண்டுமென்றே பலகையை வடக்கே ஒதுக்கி வைக்கச் சொல்வார். யார் பார்த்தாலும் குறி தப்பு என்பார்கள். பந்து வளைந்து வந்து நடுக்கட்டையில் இடிக்கும். அப்போது அவர் முகத்தில் சிரிப்பெல்லாம் வராது. மூக்கு மட்டும் லேசாக விரியும்.

சுவரைப் பார்த்து நிற்பது நின்றுபோனது. ஆனால் கோவிந்தம்மா "வூட்டுக்கு வாய்யா" என்றால் மட்டும் பழையபடி வண்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஐப்பசியில் வாடைக்காற்று பலமாகி, தொழில் நின்றுபோன ஒருநாள். கோவிந்தம்மா வருகிற பஸ்ஸில் தணிகாசலமும் படகின் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேரும் வந்து இறங்கினார்கள். ஏழுமலை பந்து ஆடுகிறார் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். தணிகாசலம் ஆள் பெரிய உடம்பு, ஈர மனசு. அன்றைக்கு ஏரியிலிருந்து ஏழுமலையைத் தோளில் போட்டுக் கரை சேர்த்தது அவர்தான். வந்தாலே ஏழுமலைக்கு வாயில் ஏதாவது ஊட்டப் பார்ப்பார்.

"இன்னா மாப்ள, கோலி விளையாடறியாமே?"

"நீ ஆடிப் பாரு மச்சான், கோலியா இன்னான்னு தெரியும்."

தணிகாசலம் பந்தை ஒரு கையால் தூக்கி விட்டெறிந்தார். அது உருண்டு நேராகச் சாக்கடைக்குப் போனது. வந்தவர்கள் எல்லோரும் ஆடிப் பார்த்தார்கள். எல்லார் பந்தும் சாக்கடைக்கே போனது. ஒரே சிரிப்பு. ஏழுமலையின் முறை வந்ததும் தணிகாசலம் தயாராக வைத்திருந்த கற்பூரத்தைப் பலகைக்கு முன்னால் கொளுத்தினார், புதுப் படகுக்குச் செய்கிற மாதிரி. கோவிந்தம்மா பந்துக்குக் குங்குமம் வைத்தார். நான் வழக்கம்போல அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொன்னேன். ஸ்டெல்லா அம்மா ஓரமாக நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தப் பந்துக்கு அன்று எல்லாப் பக்கத்துச் சிபாரிசும் கிடைத்துவிட்டது.

நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "வடக்க... இன்னும்... ஒரு விரக்கடை... போதும்." எழுந்து பந்தை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஏழுமலை மணிக்கட்டைப் பந்தின்மேல் சாய்த்தார். தள்ளுகிற அந்த நொடியில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கால் வந்தது. பலகையின் வால் என் கையைவிட்டு நழுவி நேராகிவிட்டது. பந்து என்னைத் தாண்டி உருண்டு போனது. ஏழுமலையின் முகத்தைப் பார்த்தேன். பந்து சாக்கடையில் விழுந்த சத்தம் அப்புறம்தான் கேட்டது.

பலகை கோணலாக இருக்கிறதே, மாப்பிள்ளைக்கு அவமானமாகிவிடுமே என்று தணிகாசலம்தான் காலால் நேராக்கிவிட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. கரையில் படகுக்குக் கை போடுகிற மாதிரிதான் போட்டார்.

"யார்ரா உன்ன கேட்டா?"

கிடங்கே அதிர்ந்தது. கழுத்து போன மனுஷனுக்கு அவ்வளவு மூச்சு எங்கிருந்து வந்ததோ, படைத்தவனுக்குத்தான் தெரியும்.

"அணியத்துல நான் நிக்கறேன். நான் சொல்லாம நீ கோல அசப்பியா? எந்தப் படகுல கத்துக்கின? ஏரியில இத செஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும் சொல்லு! தரை தட்டிக் கவுந்திருப்போம் எல்லாம்!"

கோவிந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் மேட்ரன் அம்மாவைப் பார்த்தேன். கம்முனு இரு என்று கண்ணால் சொன்னார்.

தணிகாசலம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். கரையில் அவர் கை போடுகிறவர். தண்ணீரில் ஏழுமலை சொன்னபடி கேட்கிறவர். இரண்டில் எது இந்த இடம் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது என்று நினைக்கிறேன்.

"தப்புதான் மாப்ள" என்றார். "எழுந்திரு பாய், நான் குந்தறேன்."

நான் எழுந்து இடம் விட்டேன். அவ்வளவு பெரிய உடம்பை மடக்கித் தரையில் உட்கார்ந்து, கட்டைகளுக்கு முதுகைக் காட்டி, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "சொல்லு."

ஏழுமலை கட்டைகளையும் பலகையையும் ஒருமுறை அளந்து பார்த்தார். பிறகு, "வடக்க" என்றார். "இன்னும்." தணிகாசலம் அணு அணுவாக நகர்த்தினார். "ரொம்ப போய்ட்ட. வா. வா. நிறுத்து." நான் பந்தை வைத்தேன்.

பந்து வடக்கே போய், மனசு மாறினாற்போல வளைந்து, கட்டைகளுக்கு நடுவில் புகுந்தது. ஒன்று மட்டும் ஆடி ஆடி நின்றுவிட்டது. மற்றதெல்லாம் சிதறி ஓடின. வந்தவர்கள் போட்ட கூச்சலில் சாலையில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"விழுந்துச்சா? இப்ப நான் திரும்பலாமா?" என்று தணிகாசலம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு நிக்குது மச்சான். அது நீ வெச்ச கற்பூரம் பத்தாததால."

அன்று டீ குடிக்கும்போது ஏழுமலை கோவிந்தம்மாவைப் பார்க்காமலே கேட்டார்: "வூட்டாண்ட இன்னும் மணல்தானா?"

"மணல் இல்லாம மொசைக்கா போட்டு வெச்சிக்கினு இருக்கறேன்?"

"இந்த வண்டி மணல்ல ஓடாதே."

கோவிந்தம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். என்ன கேட்கிறார் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஏழுமலை வீட்டுக்குப் புறப்படுவதற்கு முந்தின வாரம் முழுக்க மேட்ரன் அம்மா கோவிந்தம்மாவுக்குப் புரட்டுவதும் தோல் பார்ப்பதும் சொல்லிக் கொடுத்தார். பேட்டரி வேலையை நான் சொல்லிக் கொடுத்தேன். அவரை இல்லத்து வேனில் ஏற்றி நானே கூட்டிக்கொண்டு போனேன். கோட்டைக்குப்பத்தில் சாலை முடிகிற இடத்தில் வேன் நின்றது. அதற்கப்பால் வீடு வரைக்கும் மணல். பலகை போட்டு நாற்காலியை இறக்கியதும் சக்கரம் பாதி புதைந்துவிட்டது.

குப்பமே திரண்டிருந்தது. வழக்கப்படி எல்லோரும் ஓடிவந்தார்கள். ஓடிவந்தவர்கள் நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டார்கள். தணிகாசலம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். விஷயம் தெரியாத ஒரு பெரியவர் மட்டும் குனிந்து காலைப் பிடிக்கப் போனார். "கைய எடு பெரியப்பா, அவுரு இன்னும் சொல்லல" என்றார் கோவிந்தம்மா.

ஏழுமலை சுற்றிலும் பார்த்தார். யார் யார் வந்திருக்கிறார்கள், யார் தோளில் பலம் இருக்கிறது, யார் குடித்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் எடை போடுகிற பார்வை. அப்புறம் ஒவ்வொரு பெயராகச் சொல்லி இடம் கொடுத்தார். "மச்சான், நீ பின்னால. நீ சோத்தாங்கைச் சக்கரம். நீ வேணாம், வாய் நாறுது, தூரப் போ." கொல்லென்று சிரித்தார்கள். நானும் பழக்கத்தில் கால் பலகையைப் பிடிக்க முன்னால் போனேன்.

"பாய், நீ ஒத்து. உன் டூட்டி முடிஞ்சிது. கோயிந்தம்மா கொழம்பு வெச்சிருக்கா, துன்னாம போவாத."

ஒதுங்கி நின்றேன். என் வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அந்த ஒதுங்கலில்தான். அவர் "தூக்கு" என்றதும் நாற்காலி மணலைவிட்டு எழும்பியது.

சாயங்காலத் தொழுகைக்கு, அஸருக்கு, நேரம் ஆகிவிட்டிருந்தது. ஒரு படகின் நிழலில் துண்டை விரித்துத் தொழ நின்றேன். தொழுகையில் மனசு சிதறக் கூடாது என்பார்கள். அன்று சிதறியது, அல்லாஹ் மன்னித்திருப்பான். வீடுகளுக்கு நடுவிலிருந்து ஏழுமலையின் குரல் வந்துகொண்டே இருந்தது: "மெதுவா... சாயுது பார்... வாசப்படி வருது, நில்லு. நான் சொன்னப்புறம் எறக்கு... இப்ப எறக்கு."